வலைப்பக்கத்தின் மூலக் குறிமுறையும் அதனுள் தமிழைத் தேடுதலும்

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் மாணவி ஒருத்தி, தன் அம்மப்பா 2002ஆம் ஆண்டில் ஓர் இணைய மலருக்கு எழுதிய கட்டுரையைத் தேடுகிறாள் எனக் கொள்வோம். மலரின் முகவரி அவளிடம் உண்டு. பக்கம் திறக்கிறது. தமிழ் எழுத்துகள் திரையில் தெளிவாகத் தெரிகின்றன. பக்கம் மிக நீளமானதாகையால் அவள் கொன்ட்ரோல் விசையையும் எப் விசையையும் ஒருங்கே அழுத்தி, தேடற் பெட்டியில் "கொழும்பு" எனத் தட்டச்சுச் செய்கிறாள். விடை: பூச்சியம். ஆனால் அச்சொல்லோ அவள் கண்முன்னே, பக்கத்தின் முதல் வரியிலேயே நிற்கிறது.

கணினி பழுதடையவில்லை, அவள் பிழையாகத் தட்டச்சுச் செய்யவும் இல்லை. இதற்கான காரணத்தைத் திரையில் காண முடியாது. திரைக்குப் பின்னால் உள்ள மூலக் குறிமுறையைத் திறந்து பார்த்தால் மட்டுமே காணலாம். க.பொ.த. (சாதாரண தர) தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் வலைப்பக்கம் அமைத்தலைக் கற்கும் மாணவர்கள் ஒட்டுகளை மனனம் செய்வதோடு நின்றுவிடுவதுண்டு. பிறர் அமைத்த பக்கத்தைத் திறந்து வாசிப்பது அதனிலும் பயனுள்ள பயிற்சியாகும்.

(ஒட்டுகளினதும் கட்டளைகளினதும் பெயர்கள் இக்கட்டுரையில் தமிழ் ஒலியில் தரப்பட்டுள்ளன. விடைத்தாளில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே எழுதுதல் வேண்டும்.)

மூலக் குறிமுறை என்றால் என்ன?

வலைப்பக்கம் ஒன்று சேவையகத்திலிருந்து எமது கணினிக்குப் படமாக வந்து சேர்வதில்லை. அது வெறும் எழுத்துகளால் ஆன ஒரு கோப்பாகவே வருகின்றது. இவ்வெழுத்துகளுள் ஒரு பகுதி வாசகருக்குரிய உரை. மற்றைய பகுதி "இதனைத் தடித்த எழுத்தில் காட்டு", "இவ்விடத்தில் படத்தை வை" என வலை மேலோடிக்கு இடப்படும் அறிவுறுத்தல்கள். இவ்வறிவுறுத்தல்களே < > என்னும் கோண அடைப்புகளினுள் எழுதப்படும் ஒட்டுகளாகும். வலை மேலோடி கோப்பை வாசித்து, ஒட்டுகளின்படி செயற்பட்டு, விளைவை மட்டும் திரையில் காட்டுகின்றது. அவ்வாறு செயற்படுவதற்கு முன்னர் உள்ள கோப்பே மூலக் குறிமுறை எனப்படும்.

மீயுரைக் குறியிடல் மொழியாகிய எச்.ரி.எம்.எல்., சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் ரிம் பேர்னர்ஸ் லீயினால் உருவாக்கப்பட்டது. அவர் தமது முதல் முன்மொழிவை 1989இல் சமர்ப்பித்தார். 1991இல் வலை வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டது. மூலத்தை எவரும் பார்க்கலாம் என்பது தொடக்கத்திலிருந்தே வலையின் இயல்பாக இருந்தது. 1990களிலும் 2000களிலும் வலைப்பக்கம் அமைக்கக் கற்ற பலர் நூல்களை விட, பிறருடைய மூலத்தைப் பார்த்தே கற்றனர். வெள்ளவத்தையில் காலி வீதியோரத்து இணைய நிலையங்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துக் கற்றவர்களும் இவர்களுள் அடங்குவர்.

திறப்பதும் தேடுவதும்

மேசைக் கணினியில் பக்கத்தின் வெற்றிடமொன்றில் சுட்டியின் வலப் பொத்தானைச் சொடுக்குக. தோன்றும் பட்டியில் "வியூ பேஜ் சோர்ஸ்" என்பதைத் தெரிவு செய்க. கொன்ட்ரோல் விசையுடன் யூ விசையை அழுத்தினாலும் இதுவே நிகழும். முன்னர் இன்ரநெற் எக்ஸ்புளோறர் இம்மூலத்தை நோட்பாட் செயலியில் திறந்து காட்டியது. 2022 யூன் மாதத்துடன் விண்டோஸ் 10இல் அம்மேலோடிக்கான ஆதரவை மைக்ரோசொப்ற் நிறுத்திவிட்டது. இன்றைய மேலோடிகள் மூலத்தைப் புதிய தத்தலில் நிறங்களுடன் காட்டுகின்றன.

மூலத்தினுள்ளும் கொன்ட்ரோல், எப் விசைகளால் தேடலாம். இங்கு தேடும்போது திரையில் தெரியாதவையும் அகப்படும். பக்கத்தின் தலைப்பைக் குறிக்கும் ரைட்டில் ஒட்டு, படத்துக்கு மாற்றாக எழுதப்பட்ட ஓல்ற் பண்புக்கூறு, வரியுருத் தொகுதியைக் குறிக்கும் சார்செற், எழுத்துருவின் பெயரைக் கூறும் பொண்ட் ஒட்டின் பேஸ் பண்புக்கூறு ஆகியன அவற்றுட் சில. எமது மாணவி தேட வேண்டியது இறுதியில் கூறப்பட்டதையே. அவள் மூலத்தைத் திறந்தால், பொண்ட் ஒட்டினுள் "பாமினி" என்னும் பெயரைக் காண்பாள். அதனை அடுத்து ஒரு தமிழ் எழுத்தையேனும் காணமாட்டாள். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் ஒழுங்கின்றிக் கலந்தது போன்ற வரிகளே இருக்கும்.

பாமினி செய்த வேலை

கணினி எழுத்துகளை அறியாது. எண்களை மட்டுமே அறியும். அஸ்கி முறையில் ஆங்கிலச் சிற்றெழுத்து ஜேயின் எண் 106, கேயின் எண் 107. திரையில் அவ்வெண்ணுக்கு எவ்வடிவத்தை வரைவது என்பதை எழுத்துருக் கோப்புத் தீர்மானிக்கின்றது. அஸ்கியில் 128 இடங்களே உள்ளன; தமிழுக்கென அவற்றில் ஓர் இடமும் இல்லை. எனவே தமிழ் எழுத்துரு அமைத்தோர் ஓர் உபாயத்தைக் கையாண்டனர். எண்ணை மாற்றாமல் வடிவத்தை மாற்றினர். 106 என்னும் இடத்தில் ஆங்கில ஜேயின் வடிவத்தை நீக்கி, "த" வடிவத்தை வைத்தனர். 107இல் "ம", 112இல் "ி", 111இல் "ழ", அரைப்புள்ளியின் இடமாகிய 59இல் மெய்யெழுத்தின் புள்ளி. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை ஒழுங்கைத் தழுவியமையால், தட்டச்சுப் பழகியோருக்கு இது உடனே கைவந்தது.

ஆகவே பாமினியில் "தமிழ்" என்னும் சொல் 106, 107, 112, 111, 59 என்னும் ஐந்து எண்களாகச் சேமிக்கப்படுகின்றது. எழுத்துரு கணினியில் நிறுவப்பட்டிருந்தால் தமிழ் தெரியும். இல்லையேல் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்றே தெரியும்.

இலங்கையில் பத்திரிகை, பதிப்பகம், அலுவலகம், ரியூட்டரித் துண்டுப்பிரசுரம் என எங்கும் பாமினி பரவியது. பரீட்சை வழிகாட்டி நூல்கள் பலவும் அதிலேயே எழுத்துக்கோக்கப்பட்டன. கொழும்பின் அச்சகங்களில் இன்றும் அது வழக்கொழியவில்லை. அச்சுக்கு அது போதுமானது. தாளில் மை பதிந்த பின்னர் 106 என்னும் எண்ணை எவரும் கேட்கப்போவதில்லை. அதே முறையை வலைப்பக்கத்துக்குக் கொண்டுவந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. வலையில் வாசிப்பவன் மனிதன் மட்டுமல்லன், தேடற்பொறியும் வாசிக்கின்றது. தேடற்பொறிக்குக் கண் இல்லை. அது எழுத்துருவை நிறுவிப் பார்ப்பதில்லை; மூலத்தில் உள்ள எண்களை மட்டும் எடுத்துத் தன் சொல்லடைவில் சேர்க்கின்றது. அதன் பார்வையில் அம்மப்பாவின் கட்டுரை பொருளற்ற ஆங்கிலச் சொற்களின் குவியல்.

அவ்வாறாயின் விசைகளையே தேடினால் என்ன?

2000களில் சிலர் இவ்வாறும் முயன்றனர். "தமிழ்" என்பதற்குப் பதிலாக அதற்குரிய ஆங்கில விசைகளைத் தேடற்பொறியில் இட்டனர். சில வேளைகளில் பலன் கிடைத்தது. பல வேளைகளில் கிடைக்கவில்லை. இதன் காரணங்களை விளங்கிக்கொள்ளும் மாணவன் தேடற்பொறி இயங்கும் முறையையும் விளங்கிக்கொள்வான்.

முதலாவது காரணம் நிறுத்தக்குறிகள். தேடற்பொறிகள் பொதுவாக அரைப்புள்ளி, காற்புள்ளி போன்றவற்றைச் சொல்லின் எல்லையாகக் கொண்டு கைவிட்டுவிடும். பாமினியிலோ மெய்யெழுத்தின் புள்ளியே அரைப்புள்ளிதான். "இ" என்னும் எழுத்து காற்புள்ளி. "இலங்கை" என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அது மூலத்தில் காற்புள்ளி, வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எப் என அமையும். தேடற்பொறி காற்புள்ளியை விட்டுவிடும்; அரைப்புள்ளியில் சொல்லை இரண்டாக வெட்டும். எஞ்சுவன வை, கியூ என்னும் ஒரு துண்டும், ஐ, எப் என்னும் ஒரு துண்டும். இரண்டாவது துண்டு "ஆனால், எனில்" எனப் பொருள்படும் சாதாரண ஆங்கிலச் சொல். நாட்டின் பெயரைத் தேடியவருக்கு உலகிலுள்ள ஆங்கிலப் பக்கங்கள் எல்லாம் வந்து குவியும்.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. ஆங்கிலத்தில் தேடும்போது பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாட்டைத் தேடற்பொறி பொருட்படுத்துவதில்லை. ஆங்கிலத்துக்கு அது வசதி. பாமினியில் சிற்றெழுத்து ஜீ "ப" ஆகும், பேரெழுத்து ஜீ "பு" ஆகும். ஆகையால் பலமும் புலமும் தேடற்பொறிக்கு ஒன்றே. சிற்றெழுத்து என் "ெ" குறியீடு, பேரெழுத்து என் "ே" குறியீடு. ஆகவே "கொடி" தேடினால் "கோடி"யும் வரும். வலை மேலோடியின் தேடற் பெட்டியும் வழமையாக இவ்வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. மூலத்தை நோட்பாட்டில் ஒட்டி, தேடும்போது "மட்ச் கேஸ்" தெரிவை இயக்கினால் மாத்திரம் இவை பிரியும். எமது மாணவி கொழும்பைத் தேட விரும்பின், என், எப், எச், பேரெழுத்து ஓ, கே, அரைப்புள்ளி, பேரெழுத்து ஜீ என்னும் ஏழு விசைகளையும் இவ்வாறே தேடுதல் வேண்டும். தேடினால் கண்டுபிடிப்பாள்.

மூன்றாவது ஒரு விபத்தும் உண்டு. இது பாடநூல்களில் வராத விடயம். ஆயினும் ஒட்டின் இலக்கணத்தை இதைவிட நன்றாக விளக்கும் உதாரணம் அரிது. பாமினியில் "ஈ" என்னும் எழுத்துக்குரிய விசை < என்னும் குறி. காற்புள்ளிக்குரிய விசை > என்னும் குறி. இவை இரண்டும் எச்.ரி.எம்.எல். மொழியில் ஒட்டின் தொடக்கமும் முடிவும் ஆகும். நோட்பாட்டில் நேரடியாக ஒருவர் "ஈழத்து இலக்கியம், நாடகம்" எனப் பாமினியில் தட்டச்சுச் செய்து கோப்பைச் சேமித்தால் என்ன நடக்கும்? "ஈ" என்பதைக் கண்டவுடன் மேலோடி ஓர் ஒட்டுத் தொடங்கிவிட்டது எனக் கருதும். காற்புள்ளியைக் கண்டவுடன் ஒட்டு முடிந்தது எனக் கருதும். அவ்வாறான பெயரில் தனக்குத் தெரிந்த ஒட்டு எதுவும் இல்லையாதலால் அதனைப் பேசாமல் விட்டுவிடும். திரையில் "நாடகம்" மட்டுமே எஞ்சும். ஈழத்து இலக்கியம் காணாமற்போகும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. மூலத்தைத் திறந்தால் மட்டும் அச்சொற்கள் அங்கே முழுமையாக இருப்பதைக் காணலாம். இதனைத் தவிர்க்கவே < குறியை உரையாகக் காட்ட விரும்பும்போது அதற்குரிய மாற்றுக் குறியீட்டை எழுத வேண்டும் என ஆசிரியர்கள் வற்புறுத்துகின்றனர்; எண் வடிவில் அது &#60; ஆகும்.

வெவ்வேறு முறைகள்

பாமினி ஒன்றே இருந்திருந்தால் நிலைமை இவ்வளவு மோசமாகியிராது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவையும் எண் ஒழுங்கையும் வைத்திருந்தது. இணையத்தில் தமிழ் ஆர்வலர்கள் கூடி ஆராய்ந்து திஸ்கி என்னும் பொதுக் குறிமுறையை உருவாக்கினர். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறிமுறைகளை முன்வைத்தது. எனவே ஒரே சொல் வெவ்வேறு தளங்களின் மூலங்களில் வெவ்வேறு எண்களாகக் கிடந்தது.

இதற்குத் தீர்வாக அமைந்தது யூனிகோட். உலக மொழிகள் ஒவ்வொன்றின் எழுத்துக்கும் தனித்தனி எண் வழங்குவதே இதன் அடிப்படை. 1991இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது; 2944 முதல் 3071 வரையான எண்கள் தமிழுக்குரியன. ஆயினும் விண்டோஸ் 2000 பணிசெயல் முறைமையுடன் லதா என்னும் எழுத்துரு வந்த பின்னரே சாதாரண கணினிகளில் யூனிகோட் தமிழைக் காண்பது இலகுவாயிற்று. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா யூனிகோட்டிலேயே எழுதப்பட்டது. இலங்கையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. 2008இல் தமிழ் வரியுருக்களுக்கான எஸ்.எல்.எஸ். 1326 என்னும் இலங்கைத் தர நிர்ணயம் வெளியாகியது.

யூனிகோட்டில் "தமிழ்" என்பது 2980, 2990, 3007, 2996, 3021 ஆகும். இது மூலத்தில் இரு வகைகளில் தோன்றலாம். யூ.ரி.எப்.-8 முறையில் சேமித்திருந்தால் மூலத்திலும் தமிழாகவே தெரியும். பழைய மென்பொருள்கள் சில எண்களையே எழுதிவிடும், அப்போது மூலத்தில்

&#2980;&#2990;&#3007;&#2996;&#3021;

எனக் காணப்படும். திரையில் இரண்டும் ஒன்றே. தேடற்பொறியும் இவற்றை ஒன்றாகவே கொள்ளும். ஆனால் மூலத்தினுள் "தமிழ்" எனத் தேடினால் இரண்டாவது வகை அகப்படாது என்பதை மறத்தலாகாது.

கோப்பின் பருமனிலும் வேறுபாடு உண்டு. பாமினியில் இச்சொல்லுக்கு 5 பைற்றுகள் போதும். யூ.ரி.எப்.-8 முறையில் தமிழ் வரியுரு ஒவ்வொன்றுக்கும் 3 பைற்றுகள் வேண்டும், ஆகவே 15. எண் வடிவில் எழுதினால் ஒரு வரியுருவுக்கு 7 பைற்றுகள் வீதம் 35. தொலைபேசி இணைப்பில் இணையத்தைப் பயன்படுத்திய காலத்தில் இதனை ஒரு குறையாகக் கூறியோர் இருந்தனர். இன்று ஒரு படமே பல பக்கத் தமிழை விட அதிக இடம் பிடிப்பதால் அக்குறை பொருட்படுத்தத் தக்கதன்று.

சார்செற்றைப் பிழையாகக் குறிப்பிட்டால் நிகழ்வதையும் அறிந்திருத்தல் நன்று. "த" என்பதன் மூன்று பைற்றுகள் 224, 174, 164. தமிழ் வரியுரு எதுவாயினும் முதற் பைற்று 224. இரண்டாவது 174 அல்லது 175. மேலோடி இவற்றை மேற்கு ஐரோப்பிய வரியுருக்களாகத் தவறாக வாசித்தால் 174 என்பது ® குறியாகத் தெரியும். பக்கம் முழுவதும் ® குறி திரும்பத் திரும்ப வருமாயின், அது பழைய எழுத்துரு அன்று. சார்செற் தவறிய யூனிகோட் தமிழே என உடனே கூறிவிடலாம். இந்நிலையில் எழுத்துரு தேடி அலைவதில் பயனில்லை.

மாற்றுதல்

மூலத்தில் உள்ள பாமினி உரையை யூனிகோட்டுக்கு மாற்றினால் கட்டுரை மீண்டும் தேடத்தக்கதாகும். சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் மாற்றியை 2000களில் பலர் இதற்குப் பயன்படுத்தினர். ஒரு பெட்டியில் பழைய உரையை ஒட்டினால் மறு பெட்டியில் யூனிகோட் கிடைக்கும்.

மாற்றி செய்யும் வேலை வெறும் இடமாற்றீடு போலத் தோன்றினாலும் ஒழுங்குமுறை முக்கியம். பாமினி கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் எழுதுகின்றது: "கொ" என்பதற்கு முதலில் "ெ", பின்னர் "க", பின்னர் "ா". யூனிகோட் ஒலிக்கும் ஒழுங்கில் எழுதுகின்றது: முதலில் "க", பின்னர் "ொ". ஒவ்வொரு விசையையும் தனித்தனியே மாற்றினால் "ெ" முந்திய எழுத்துடன் போய் ஒட்டிக்கொள்ளும், சொல் சிதையும். எனவே மாற்றி, மூன்று விசைகளாலான கூட்டங்களை முதலிலும், இரண்டு விசைகளாலானவற்றை அடுத்தும், தனி விசைகளை இறுதியிலும் மாற்ற வேண்டும். செய்நிரலாக்கப் பகுதியில் கட்டளைகளின் ஒழுங்கு மாறினால் விளைவு மாறும் எனக் கற்றதற்கு இது நல்ல சான்று.

உரையின் இடையே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதனையும் மாற்றி விட்டுவைக்காது. எஸ், கே, வை என்னும் மூன்று எழுத்துகளால் ஆன, வானம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் "ளமல" ஆகிவிடும். ஆகவே மாற்றிய பின் ஒரு முறை முழுவதையும் மனிதர் ஒருவர் வாசித்தே ஆக வேண்டும். அம்மப்பாவின் கட்டுரையை அவளே வாசிப்பதைவிட வேறு யார் வாசிப்பது?

பழைய தளம் மூடப்பட்டிருந்தால்? 1996இல் தொடங்கப்பட்ட இன்ரநெற் ஆர்க்கைவ் என்னும் நிறுவனம் வலைப்பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வருகின்றது. 2001 முதல் அவற்றை வேபக் மெசின் மூலம் எவரும் பார்க்கலாம். சேமிக்கப்படுவது மூலக் குறிமுறையாதலால், எழுத்துரு இல்லாவிடினும் உரை அங்கே உண்டு. ஆங்கில எழுத்துக் குப்பை எனத் தோன்றும் அப்பக்கத்தை மூடிவிடாது, மூலத்தைப் பிரதி செய்து மாற்றியில் இட்டுப் பார்த்தல் வேண்டும்.

இதற்கு மாறான நிலை வருடிய பக்கங்களில் உண்டு. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பெருந்தொகையாக வருடிச் சேமித்துள்ளது. நூலின் பெயர், ஆசிரியர், உள்ளடக்கம் என்பன யூனிகோட் உரையாகத் தட்டச்சுச் செய்யப்பட்டிருப்பின் அவற்றைத் தேடலாம். பக்கத்தின் படத்தினுள் உள்ள வரியையோ, ஒளியியல் வரியுரு வாசிப்பு மென்பொருளால் உரையாக மாற்றப்படாத வரை, தேட முடியாது. அங்கே மூலத்தைத் திறந்தாலும் படக் கோப்பின் பெயரே கிடைக்கும்.

மறைந்தவை எல்லாம் இரகசியமானவை அல்ல

மூலத்தில் <!-- எனத் தொடங்கி --> என முடியும் பகுதி குறிப்புரை எனப்படும். மேலோடி அதனைக் காட்டாது. படிவங்களில் ஹிடன் வகைப் புலம் ஒன்றை இட்டால் அதுவும் திரையில் தோன்றாது. இவற்றைக் கற்ற மாணவர் சிலர் தமது செயற்றிட்டப் பக்கங்களில் கடவுச்சொல்லைக் குறிப்புரையில் எழுதி வைப்பதுண்டு. இது பெருந்தவறு. மேலோடி காட்டாவிடினும் அது பார்வையாளரின் கணினிக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது.

இத்தவறைப் பெரியவர்களும் செய்துள்ளனர். 2021 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், சென். லூயிஸ் போஸ்ற் டிஸ்பச் பத்திரிகையின் செய்தியாளர் ஒருவர், மாநிலக் கல்வித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு இலக்கங்கள் மூலக் குறிமுறையில் கிடப்பதைக் கண்டார். திரையில் அவை தெரியவில்லை. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விபரங்கள் இவ்வாறு வெளிப்படக்கூடிய நிலையில் இருந்தன. பத்திரிகை முதலில் திணைக்களத்துக்கு அறிவித்தது. அப்பக்கம் நீக்கப்பட்ட பின்னரே செய்தியை வெளியிட்டது. எனினும் மாநில ஆளுநர் மைக் பார்சன் இதனைக் கணினி ஊடுருவல் எனக் குற்றஞ்சாட்டி, வழக்குத் தொடரப்பட வேண்டும் என்றார். 2022 பெப்ரவரியில் வழக்குத் தொடரப்போவதில்லை எனச் சட்ட அதிகாரி அறிவித்தார். அனுப்பியவரின் கவனயீனத்தைப் பெற்றவரின் குற்றமாக்க முயன்ற நிகழ்வு இது.

இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அதிகாரமின்றிப் பிறர் கணினியினுள் நுழைதல் குற்றமாகும். உமது கணினிக்கு வந்துசேர்ந்த பக்கத்தின் மூலத்தை வாசிப்பது வேறு; அதில் கண்ட கடவுச்சொல்லைப் பயன்படுத்திச் சேவையகத்தினுள் நுழைவது வேறு. இரண்டாவதை விளையாட்டாகவும் செய்தலாகாது. தனிப்பட்ட தரவுகளைக் கையாள்வோரின் கடமைகளை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகின்றது. மூலத்தில் பிறரது விபரம் கண்டால் தளத்தினருக்கு அறிவிப்பதே முறை.

மூலத்தில் எல்லாமே இருக்கும் எனவும் எண்ணுதல் கூடாது. பீ.எச்.பீ. போன்ற மொழிகளில் எழுதிய செய்நிரல் சேவையகத்திலேயே இயங்கி முடிந்துவிடும். எமக்குக் கிடைப்பது விளைவு மட்டுமே. தரவுத்தளமும் அவ்வாறே. ஜாவாஸ்கிரிப்ற் பின்னர் கொண்டுவந்து சேர்க்கும் உரையும் "வியூ சோர்ஸ்" பக்கத்தில் தெரியாமற் போகலாம்; அதனை "இன்ஸ்பெக்ற்" தெரிவு காட்டும்.

பயிற்சி வினாக்களும் விடைக் குறிப்புகளும்

1. ஒரு வலைப்பக்கத்தின் மூலத்தில் &#2965;&#3018;&#2975;&#3007; எனக் காணப்படுகின்றது. 2965 "க", 2975 "ட", 3007 "ி", 3018 "ொ" எனின் திரையில் தோன்றும் சொல் யாது? 3018 என்பதை 3019 ஆக மாற்றினால் என்னவாகும்?
விடை: "கொடி". மாற்றினால் "கோடி". பாமினியில் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாட்டால் மட்டும் பிரிந்த இவ்விரு சொற்களும் யூனிகோட்டில் வெவ்வேறு எண்களைப் பெற்றிருப்பதைக் கவனிக்க. பரீட்சையில் முதல் வரி மட்டும் போதும்.

2. "பாமினி எழுத்துருவைக் கணினியில் நிறுவினால் தேடற்பொறியும் அப்பக்கத்தைக் கண்டுபிடிக்கும்." இக்கூற்று சரியா, பிழையா? காரணம் தருக.
விடை: பிழை. எழுத்துரு திரையில் வடிவத்தை மட்டும் மாற்றுகின்றது. மூலத்தில் உள்ள எண்களை மாற்றுவதில்லை. தேடற்பொறி எண்களையே பார்க்கின்றது. (காரணம் எழுதாதவருக்குப் பாதிப் புள்ளியே கிடைக்கும். "எழுத்துரு சரியில்லை" என எழுதுவது காரணமாகாது.)

3. கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய மாணவி, மாற்றிய கட்டுரையைத் தானே ஒரு வலைப்பக்கமாக அமைக்க விரும்புகிறாள். தேடற்பொறிகளில் அது கிடைக்க வேண்டுமாயின் மூலத்தில் கவனிக்க வேண்டிய மூன்றைக் குறிப்பிடுக.
விடை: மெற்றா ஒட்டில் சார்செற் யூ.ரி.எப்.-8 எனக் குறிப்பிடப்படல். ரைட்டில் ஒட்டினுள் கட்டுரையின் தலைப்பும் அம்மப்பாவின் பெயரும் தமிழில் எழுதப்படல். கட்டுரை படமாக அன்றி உரையாக இடப்படல். "மெற்றா ஒட்டில் கீவேர்ட்ஸ் நிரப்புதல்" எனச் சில பழைய வழிகாட்டிகளில் விடை காணப்படும். அதனை எழுத வேண்டாம்: தரவரிசைக்கு அதனைப் பயன்படுத்துவதில்லை எனக் கூகிள் 2009 செப்ரெம்பரில் அறிவித்துவிட்டது.